ஈரக் காற்றும் பண்டை இரும்பும்



2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ஒரு செய்தி, டில்லியில் வாழும் தமிழர்களிடையே பல நாள் பேச்சாயிருந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கின்றது என்பது அச்செய்தி. தமிழக முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அதனை வெளியிட்டார். லோதித் தோட்டத்தில் மாலை வேளையில் உலாவ வரும் நம்மவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவர், என் நீண்ட நாளைய நண்பர், அன்று மிகுந்த உற்சாகத்தோடு இருந்தார். "மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத் தூணைப் பாருங்கள் ஐயா. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் துருவேறாமல் நிற்கின்றது. நம் ஊர் இரும்போ ஐயாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அழியாமல் வந்துவிட்டது. இனி அதற்கு என்ன குறை வரப்போகின்றது?" என்றார்.

"குறையே இனிமேல்தான் வரும்" என்று நான் சொன்னேன். நண்பர் நம்பவில்லை. தோட்டத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய காரியமும் அன்று அது. அன்று சொல்ல இயலாமற்போனதை இன்று வானொலி வாயிலாகச் சொல்ல முற்படுகின்றேன்.

லோதி ரோட்டிலிருந்தே தொடங்குவோம். இந்திய வானிலை இலாகாவின் தலைமை நிலையமாகிய 'மௌஸம் பவன்' இச்சாலையில்தான் இருக்கின்றது. டில்லியின் வானிலை அறிக்கையில் சப்தர்ஜங், பாலம், ரிட்ஜ், ஆயாநகர் என்னும் இடங்களோடு லோதி ரோடு என்னும் பெயரும் வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். காலை எட்டரை மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் அங்கே அளவுகள் எடுக்கப்படுகின்றன. நாம் வெப்பநிலையைக் கேட்டதும் "அப்பாடா" என்றோ "ஐயோ" என்றோ சொல்லிவிட்டு எழுந்துவிடுகின்றோம். அதற்கு அடுத்தபடியாக ஓர் எண் வருகின்றது: ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று. நமக்கு வேண்டாத அந்த எண்தான் பழைய இரும்புக்கு ஆயுளைக் கணிக்கும் எண்.

மொழிபெயர்ப்பே என் தொழிலாதலால், சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இந்தியில் இதனைச் 'சாபேக்ஷ ஆர்த்ரதா' என்பார்கள். தமிழில் சார்பு ஈரப்பதம், ஒப்பு ஈரப்பதம் என்று எழுதுகின்றோம். ஆயின் செய்தியில் வரும்போது முன்னால் நிற்கும் 'சார்பு' உதிர்ந்து, வெறும் ஈரப்பதமே எஞ்சுகின்றது. உண்மையில் இச்சொல்லின் உயிர் அந்த அடைமொழியில்தான் இருக்கின்றது. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 15 கிராம் இருந்தால், தாங்கக்கூடியதில் பாதி; ஆகவே ஈரப்பதம் 50 சதவீதம். அதே காற்றை 20 டிகிரிக்குக் குளிர்வித்தால், அது தாங்கக்கூடியது 17 கிராம் அளவுதான். உள்ளே இருப்பது அதே 15 கிராம். ஒரு துளி நீரும் புதிதாகச் சேராமலே ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிவிடுகின்றது. பகலில் உலர்ந்திருந்த அறை, இரவு குளிர்ந்ததும் ஈரமாகிவிடுவது இவ்வாறுதான்.

இதனால் இரும்புக்கு நேர்வது என்ன? இதற்கு விஞ்ஞானக்கூடம் வேண்டுவதில்லை. நம் வீட்டு அடுக்களையே போதும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டில்லிக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மனை ஒன்று இருக்கும். எங்கள் வீட்டிலும் உண்டு. என் தாயார் அதற்கு விளக்கெண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். மே மாதத்து டில்லியில், பிற்பகல் ஈரப்பதம் இருபது இருபத்தைந்துக்கு இறங்கி, சில நாள் அதற்கும் கீழே போய்விடும்போது, அதனைக் கழுவித் துடைக்காமல் வைத்தாலும் பெரிய கேடு வருவதில்லை. ஆகஸ்டு மாதத்தில் காலை ஈரப்பதம் எண்பதைத் தாண்டி நிற்கும்போது, ஒரே இரவில் செந்நிறப் படலம் படிந்துவிடுகின்றது. மேலும் ஒன்று கவனித்திருக்கின்றேன். உப்பு மாங்காய் நறுக்கிவிட்டுச் சரியாகக் கழுவாமல் வைத்தால் துரு இன்னும் விரைவாக வரும். வந்த இடத்தில் குழியும் விழும்.

மழைக் காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கின்றோம். யாரும் அதில் நீர் ஊற்றவில்லை. உப்பே காற்றிலுள்ள நீராவியை இழுத்துக்கொண்டு நீர்த்துவிடுகின்றது. நாம் உண்ணும் உப்பு நீர்ப்பதற்கு ஈரப்பதம் 75 சதவீத அளவுக்கு உயர வேண்டும். ஆனால் எல்லா உப்புக்களும் அவ்வளவு பொறுமை உடையன அல்ல. மிகக் குறைந்த ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் உப்புக்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று இரும்பும் குளோரைடும் சேர்ந்து உண்டாவது. புதைந்த இரும்பின் கதையில் அதுதான் வில்லன்.

அக்கதை நடந்த இடங்களில் நமக்கு மிகவும் பழக்கமானது ஆதிச்சநல்லூர். தாமிரவருணிக் கரையில், 114 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தாழிக்காட்டை 1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் என்பவர் முதலில் தோண்டினார். அவர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பிறகு 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் வெளிவந்தன. கூடவே வாள், கத்தி, ஈட்டி, அம்பு முனை, மண்வெட்டி என்று இரும்புக் கருவிகள் ஏராளமாக வெளிவந்தன. அவர் அகழ்ந்தவை சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தன. இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி நின்றதை ரீ குறித்திருக்கின்றார். இறந்தவரைப் புதைக்க வந்த உறவினர் மண்ணில் அவற்றைக் குத்தி நிறுத்திவிட்டுப் போனார்கள் போலும் என்பது அவர் ஊகம். எனக்கு அந்தக் காட்சி அடிக்கடி நினைவுக்கு வருகின்றது. பொன்னைப் பற்றி அதிகம் பேசுகின்றோம்; பொன்னுக்குத் துரு இல்லை, அதனால் கவலையும் இல்லை. கவலைக்குரியது, துக்கத்தோடு மண்ணில் குத்தப்பட்ட அந்த இரும்பு.

மண்ணுக்குள் அதற்கு என்ன நேர்ந்தது? புதைந்த உடனே துருப்பிடிக்கத் தொடங்கியது. உலோகத்திலிருந்து கரைந்து வெளிவரும் இரும்புத் துகள்கள் நேர்மின் ஏற்றம் உடையவை. மண் ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பின் பகுதியாகிய குளோரைடு எதிர்மின் ஏற்றம் உடையது. ஒன்றை ஒன்று இழுக்கின்றது. துரு ஓடு தடித்துக்கொண்டே போக, குளோரைடு அதன் நுண்துளைகளின் வழியே ஊர்ந்து சென்று, எஞ்சியிருக்கும் உலோகத்தின் மேனியை ஒட்டிக் குடியேறிவிடுகின்றது. நாளடைவில் வெளியே மண்ணும் துருவும் கலந்த கெட்டி ஓடு, நடுவே உலோகத் தண்டு, இரண்டுக்கும் இடையே உப்பு நீர் என்று ஓர் அமைப்பு உருவாகின்றது. ஆழத்தில் பிராணவாயு குறைவு. ஓடும் அதனைத் தடுக்கின்றது. ஆகவே அழிவு மிக மிக மெதுவாக நடைபெறுகின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னும் சில பொருள்களில் உலோகம் எஞ்சியிருப்பதற்குக் காரணம் இதுவே. இரும்பும் மண்ணும் ஒருவகை உடன்பாட்டுக்கு வந்துவிட்டன என்று சொல்லலாம்.

அகழ்வாளரின் கரண்டி பட்ட அன்று அந்த உடன்பாடு முறிகின்றது. வெளியே வந்த பொருள் உலரத் தொடங்குகின்றது. உலரும்போது ஓட்டில் வெடிப்பு விழுகின்றது. வெடிப்பின் வழியே பிராணவாயு தாராளமாக உள்ளே புகுகின்றது. உள்ளே காத்திருந்த உப்பு நீர் அதனோடு கூடி ஒரு புதிய துருவாகவும், ஒரு காரமான அமிலமாகவும் மாறுகின்றது. அமிலம் புதிய இரும்பைக் கரைக்கின்றது, கரைந்த இரும்பு மறுபடி குளோரைடோடு சேர்கின்றது, மறுபடி பிராணவாயு, மறுபடி அமிலம். இந்தச் சுழற்சியில் இரும்பு செலவாகின்றது, பிராணவாயு செலவாகின்றது. குளோரைடின் பெரும்பகுதி செலவாவதே இல்லை. கடன் கொடுத்தவன் வட்டியை வாங்கிக்கொண்டு முதலை அப்படியே வைத்திருப்பது போல, உலோகம் தீரும் வரையில் அது வேலை செய்துகொண்டே இருக்கின்றது.

இந்தப் புதிய துருவுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் அகாகனைட் என்பது. அது எந்த இரும்பிலிருந்து உண்டாயிற்றோ அந்த இரும்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். இடமோ ஓட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள சந்து. அங்கே அது பெருக்கும்போது ஓடு பிளந்து செதில் செதிலாக விழுகின்றது. விழுகின்ற ஓடு வெறும் குப்பை என்று எண்ணிவிடக் கூடாது. பழைய வாளின் உண்மையான வடிவம், அதன் விளிம்பு, அதைச் சுற்றியிருந்த துணியின் நெசவுச் சுவடு, மரப்பிடியின் இழை எல்லாம் அந்த ஓட்டிலேதான் பதிந்திருக்கும். ஈரப்பதம் மிகுந்த அறையாயின், வெடிப்புக்களின் வாயில் பொன்னிறமான துளிகள் அரும்பி நிற்கும். இத்துறையில் பழகியவர்கள் அதனை 'இரும்பு அழுகின்றது' என்பார்கள். துளி உலர்ந்தால், தொட்டால் நொறுங்கும் சிறு கொப்புளங்களாக நிற்கும்.

இனி எண்களைப் பார்ப்போம். சுத்தமான புது இரும்பு, உப்பும் தூசியும் படாமல் இருந்தால், ஏறத்தாழ 60 சதவீத ஈரப்பதம் வரை பெரிதாகத் துருவேறுவதில்லை. நெடுங்காலம் பொருட்காட்சிசாலைகளும் இந்த எண்ணையே மனத்தில் வைத்து, ஐம்பதுக்குள் இருந்தால் போதும் என்று நிம்மதியாயிருந்தன. பிரிட்டனில் கார்டிப் சர்வகலாசாலையைச் சேர்ந்த வாட்கின்சனும் லூயிஸும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் அந்த நிம்மதியைக் கலைத்தன. அகாகனைட் கலந்த இரும்பு 15 சதவீத ஈரப்பதத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடுகின்றது. இரும்புக் குளோரைடு கூடியிருந்தாலோ, 12 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால்தான் அரிப்பு அறவே நிற்கின்றது. இருபதுக்கு மேல் வேகம் பிடிக்கின்றது. அறுபதைத் தாண்டினால் ஓட்டமே.

இச்சோதனைகளுக்குக் காரணமாயிருந்தது புதைபொருள் அன்று, ஒரு கப்பல். புரூனெல் என்னும் பொறியியல் மேதை கட்டி, 1843-இல் பிரிஸ்டல் நகரில் நீரில் விட்ட 'கிரேட் பிரிட்டன்' என்னும் இரும்புக் கப்பல் அது. பல்லாண்டு கடலில் உழைத்து, பாக்லாந்துத் தீவில் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1970-இல் பிரிஸ்டலுக்கு இழுத்து வந்தார்கள். அதன் தகடுகளில் ஊறிப்போன கடலுப்பைக் கழுவி எடுக்க வழியில்லை. ஆகவே 2005-இல் அதன் நீர்மட்டத்தைச் சுற்றிக் கண்ணாடித் தளம் போட்டு, அதன் கீழ் உள்ள காற்றை இயந்திரங்களால் 20 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்தி வைத்திருக்கின்றார்கள். ஒரு கப்பலுக்கே வறண்ட வானிலையைச் சிருஷ்டித்துவிட்டார்கள்!

இப்பொழுது நம் ஊர் எண்களை இவற்றோடு வைத்துப் பாருங்கள். சென்னையிலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் கடற்காற்று வீசும் நாள்களே மிகுதி. ஈரப்பதம் அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையே இருப்பதே அங்கு வழக்கம். நாம் வறண்ட ஊர் என்று புலம்பும் டில்லியிலும் என்ன வாழ்கின்றது? மே மாதப் பிற்பகல் சில மணி நேரம் மட்டும் பழைய இரும்புக்கு ஓரளவு பொறுக்கும். மழைக் காலத்தில் எண்பது. ஜனவரி மூடுபனிக் காலைகளில் தொண்ணூறுக்கும் மேலே. கோடையில் நாம் சாளரத்தில் பொருத்தும் கூலர் வேறு, வெட்டிவேர் மணத்தோடு ஈரத்தையும் அறைக்குள் கொட்டுகின்றது. குளிர்சாதனப் பெட்டி வைத்த அறை நல்லது என்று நினைப்போம். அது தருவது ஐம்பது சதவீத அளவிலான ஈரப்பதம். மனிதருக்குச் சுகம், வாளுக்கு மரணம். அதையும் ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும்போது நிறுத்திவிட்டுப் போனால், இரவெல்லாம் ஈரம் ஏறிக் காலையில் இறங்குகின்றது. இந்த ஏற்ற இறக்கம் ஓட்டுக்கு இன்னும் கேடு.

"அப்படியானால் இரும்புத் தூண் மட்டும் எப்படி நிற்கின்றது?" என்று நண்பர் இடைமறிப்பார். நியாயமான கேள்வி. லோதி ரோட்டுக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில், குதுப்மினாரின் அடியில் நிற்கின்றது அந்தத் தூண். ஏழு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். ஆறு டன்னுக்குக் குறையாத எடை. சந்திரன் என்னும் அரசனின் புகழைச் சொல்லும் எழுத்து அதில் உண்டு. அவன் குப்தர் குலத்து இரண்டாம் சந்திரகுப்தன் என்பதும், தூண் வேறிடத்தில் நின்று பின்னர் டில்லிக்கு வந்தது என்பதும் அறிஞர் பலர் கொள்கை. டில்லியின் உலர்ந்த காற்றே அதைக் காத்தது என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். அதில் ஓரளவே உண்மை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் செய்த ஆராய்ச்சி உண்மையை விளக்கிற்று. அக்காலத்துக் கொல்லர் இரும்பை உருக்கும்போது சுண்ணாம்புக்கல் சேர்ப்பதில்லை. அதனால் கனியிலிருந்த பாஸ்வரம் இரும்பிலேயே தங்கிவிட்டது. ஆண்டுதோறும் மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் வர, அந்தப் பாஸ்வரம் தூணின் மேனியில் மெல்லிய பாஸ்பேட்டுப் படலமாகப் படிந்து கவசமாயிற்று. ஈரம் இல்லாமற்போயிருந்தால் அக்கவசமே உண்டாகியிராது என்பது இதில் வேடிக்கை.

ஆனால் தூண் தரைக்கு மேல் நிற்பது மட்டும் அன்று. அதன் அடிப்பகுதி தரைக்குக் கீழே இருக்கின்றது. 1961-ஆம் ஆண்டு தொல்பொருள் இலாகாவினர் அதனைப் பெயர்த்தெடுத்து இரசாயனப் பாதுகாப்புச் செய்தபோது, மண்ணுக்குள் இருந்த பகுதி துருவேறிக் குழிகள் விழுந்து கிடந்ததைக் கண்டார்கள். அதே கொல்லர்கள், அதே உலை, அதே பாஸ்வரம். ஆயினும் மண் ஈரத்திலும் உப்பிலும் நின்ற பகுதி தப்பவில்லை. தரைக்கு மேலே நிற்கும் பகுதிக்கும் 1997-இல் வேலி போட வேண்டியதாயிற்று. தூணைப் பின்புறமாகக் கட்டிப் பிடித்தால் அதிர்ஷ்டம் என்று நம்பி வந்த கூட்டத்தின் கை வியர்வையும் உராய்வும் அக்கவசத்தைத் தேய்த்துவந்தன. வியர்வையிலும் உப்புத்தானே இருக்கின்றது! கோணார்க்கில் சூரியன் கோயிலின் பழைய இரும்பு உத்தரங்கள் கடற்காற்றில் துருவேறிக் கிடக்கக் கண்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டுவதில்லை. ஆகவே தூணைக் காட்டித் தாழியின் இரும்புக்குத் தைரியம் சொல்வது பொருந்தாது. தூண் உப்பை உண்ணாத இரும்பு. தாழியிலிருந்து வருவது உப்பைச் சுமந்துவரும் இரும்பு.

செய்ய வேண்டியது என்ன? முதற்காரியம், அகழ்ந்த இடத்திலேயே தொடங்குகின்றது. கிடைத்த இரும்பை நீரில் கழுவி வெயிலில் காயவைக்கும் பழக்கம் கூடாது. மண்ணைத் தூரிகையால் மெல்லத் துடைத்து, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிட வேண்டும். மாத்திரைப் புட்டியிலும் புதுக் காலணிப் பெட்டியிலும் சிறு பொட்டலமாக வருமே, அதுதான். பார்ப்பதற்குச் சவ்வரிசி போல இருக்கும் அம்மணிகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பெட்டிக்குள் வறட்சியை உண்டாக்குகின்றன. பெட்டிக்குள் ஈரம் காட்டும் அட்டை ஒன்றும் வைப்பார்கள். ஈரம் ஏறினால் அதன் நிறம் மாறும். அப்போது மணிகளை எடுத்து, நீரின் கொதிநிலைக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் சில மணி நேரம் அடுப்பில் வறுத்தெடுத்தால் மறுபடி வேலைக்கு வந்துவிடும். அப்பளத்தை வெயிலில் காட்டி மறுபடி டப்பாவில் அடைப்பதைவிட இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் விடாமல் செய்ய வேண்டும். ஓராண்டு செய்துவிட்டு மறு ஆண்டு மறந்தால், முதலாண்டு செய்ததும் வீண்.

இரண்டாவது, உப்பையே வெளியேற்றுவது. சோடியம் ஹைட்ராக்ஸைடும் சோடியம் சல்பைட்டும் கரைத்த வெந்நீரில் பொருளைப் பிராணவாயு படாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கடலடியில் கிடைத்த இரும்புக்காக 1975-இல் வெளியிடப்பட்ட முறை இது. பெரும்பகுதி குளோரைடு வெளியேறிவிடும், முழுதும் அன்று. நலிந்த பொருள் ஊறலிலேயே பிரிந்துவிடும் அபாயமும் உண்டு. ஆகவே முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்து, உள்ளே உலோகம் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்று பார்த்த பிறகே இதில் இறங்குவார்கள். மெழுகு பூசுவதும் அரக்குப் பூசுவதும் மேலுக்கு அழகு செய்யும். உப்பை உள்ளே வைத்துப் பூசினால், புண்ணை ஆற்றாமல் கட்டுப் போட்டது போலத்தான்.

நம் நாட்டில் இந்த வித்தை புதிதன்று. தொல்பொருள் இலாகாவின் விஞ்ஞானக் கிளை 1920-களிலிருந்து டேராடூனில் இயங்கிவருகின்றது. சென்னைப் பொருட்காட்சிசாலையில் 1930-களிலேயே எஸ். பரமசிவன் என்னும் தமிழர், உலோகப் பொருள்களையும் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் இரசாயன முறையில் ஆராய்ந்து பெயர் பெற்றார். இங்கே லோதி எஸ்டேட்டில், 1984-இல் தோன்றிய 'இன்டாக்' என்னும் கலைப் பாரம்பரிய அமைப்பு இருக்கின்றது. பழம்பொருள்களைப் பாதுகாப்பது அதன் பணிகளுள் ஒன்று. கை இல்லை, அறிவு இல்லை என்று சொல்லத் தக்க நாடு அன்று நம் நாடு. குறைவது வேறு. என் வாழ்நாளில் எத்தனையோ கோப்புக்களை மொழிபெயர்த்திருக்கின்றேன். புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கான கோப்பு கம்பீரமான நடையில் வரும். தொடங்கியதைப் பேணுவதற்கான கோப்பு இரண்டு வரியில், கூச்சத்தோடு வரும். குழி தோண்டுவதற்கு விழா உண்டு. சிலிக்கா ஜெல் வறுப்பதற்கு யார் விழா எடுப்பார்கள்?

ஆதிச்சநல்லூரில் 2023-இல், அகழ்ந்த குழிகளையும் தாழிகளையும் கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணும்படி ஒரு காட்சிக்கூடம் அமைத்தார்கள். பொருளைப் பிரித்துச் சென்னைக்கும் பெர்லினுக்கும் கொண்டுபோன காலம் மாறி, மக்கள் இடத்துக்கே சென்று பார்க்கும் காலம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மண்ணோடு விட்டுவைத்த இரும்பு, கண்ணாடியின் அடியில் மண் ஈரத்தோடும் காற்றோடும் ஒருங்கே வாழ வேண்டியிருக்கின்றது. அங்கே ஈரமானியைப் படிக்கும் ஊழியரின் வேலை, அகழ்ந்தவரின் வேலையைக் காட்டிலும் சிறிதன்று.

மறுபடி சிவகளைக்கு வருவோம். கி.மு. 3345 என்னும் கணக்கு, இரும்போடு தாழிகளில் கிடைத்த கரி முதலியவற்றைச் சோதித்துப் பெற்றது. இதற்கு முன் 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்று அறிவித்தார்கள். இக்கணக்குகளைப் பற்றி அறிஞரிடையே வாதம் நடந்துகொண்டிருக்கின்றது, நடக்கத்தான் வேண்டும். அவ்வாதத்தில் கடைசிச் சாட்சி இரும்பே ஆகும். உலோகம் எஞ்சியிருந்தால், அதை அறுத்து மெருகிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து, எந்த உலையில் எவ்வாறு உருகியது, எத்தனை முறை காய்ச்சி அடிக்கப்பட்டது, கரிச்சத்து எவ்வளவு ஏறியது, கசடு எப்படிப்பட்டது என்றெல்லாம் கேட்கலாம். நாளை வரும் கருவிகள் இன்று நமக்குத் தோன்றாத கேள்விகளையும் கேட்கக்கூடும். உலோகம் முழுதும் பொடியாகிவிட்டாலோ, இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இல்லை. ஐயாயிரம் ஆண்டு காத்திருந்த சாட்சி, வழக்கு நடக்கும்போதே வாயடைத்துப் போவதை எந்தக் கட்சிக்காரரும் விரும்பமாட்டார்.

விடுமுறையில் ஊருக்குப் போகும் அன்பர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பொருட்காட்சிசாலைக்குப் போவீர்கள். இரும்பு வைத்த பேழை முன்னே நின்றால், வாளை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வாளுக்குக் கீழே விரித்திருக்கும் தட்டையும் சற்றுக் குனிந்து பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் பொடியோ செதிலோ புதிதாக உதிர்ந்திருந்தால், அது மூவாயிரம் ஆண்டுப் பழமை அன்று. சென்ற மழைக் காலத்தில் நேர்ந்தது. அங்குள்ள அலுவலரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேழையின் மூலையில் ஈரம் காட்டும் அட்டை இருந்து, அதில் எண் பதினைந்துக்குக் கீழே இருக்குமானால், அப்போதும் அந்த அலுவலரைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரிடம் இதுவரை யாரும் அதைப் பற்றி விசாரித்திருக்கமாட்டார்கள்.